மில் திண்ணையில் மூன்று வரி: ஹைக்கூ விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெல் மில் இருக்கிறது. மில் ஓடுவது நின்று வருஷங்கள் ஆகிவிட்டன, திண்ணை மட்டும் கெட்டியாக இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே உட்கார்ந்து ஹைக்கூ விளையாடுகிறோம். ஓய்வு பெற்ற ஒரு டீச்சரக்கா, லாரி வைத்திருக்கும் ஒரு அண்ணன், பால் சொசைட்டித் தம்பி, மலையாளம் மட்டுமே எழுதத் தெரிந்த ஒரு நர்ஸ் சேச்சி, நான், என் மகள். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்து சேர்வார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பது எல்லாம் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க, எனக்குக் கவிதையே வராது. சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா?

பார்க்க மட்டும் வரக்கூடாது. ஒருவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குப் பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிடும். நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். முதல் ஆட்டம் எப்போதும் மடிதாள்தான். ஒருவர் ஒரு வரி எழுதி, தாளை மடித்து, கடைசிச் சொல்லை மட்டும் வாயால் சொல்லிப் பக்கத்து ஆளிடம் கொடுப்பார். அவர் ஒரு வரி, மூன்றாமவர் ஒரு வரி. பிரித்துப் படித்தால் பெரும்பாலும் உளறலாக இருக்கும். எப்போதாவது ஒன்று வாய்க்கும்.

பால் சொசைட்டித் தம்பியும் இதே கேள்வியோடுதான் வந்தான். அவன் எழுதிய முதல் வரி: ‘நாலு மணி, கேன் காலி’. அதன் மேல் மற்ற இருவர் சேர்த்து முடித்தது இப்படி வந்தது:

நாலு மணி, கேன் காலி
பக்கத்து வீட்டு நாய்
தேர் பார்க்கப் போய்விட்டது

ஹைக்கூ என்பது ஜென், தியானம் என்று பெரிய சமாச்சாரம் ஆயிற்றே. அதை வைத்து விளையாடலாமா?

அது பிறந்ததே விளையாட்டில்தான். ஜப்பானில் பலர் கூடி ஒருவர் மாற்றி ஒருவர் அடி சேர்த்துப் பாடிய தொடர்கவிதைக்கு ரெங்கா என்று பெயர். அதில் வேடிக்கையும் பேச்சுவழக்கும் கலந்த வகை ஹைகாய். அந்தச் சொல்லுக்கே நகைச்சுவை, விளையாட்டு என்றுதான் பொருள். தொடரின் முதல் பாட்டை ஹொக்கு என்றார்கள். அதைத் தனியாக நிறுத்தி ஹைக்கூ என்று பெயரிட்டவர் மசாவோகா ஷிகி (1867–1902). பாஷோ (1644–1694) தன்னை ஹைக்கூ கவிஞர் என்று சொல்லிக்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை. உலகமே மேற்கோள் காட்டும் அவருடைய தவளைக் கவிதை, 1686இல் தவளையை மட்டுமே பொருளாக வைத்து ஜோடி ஜோடியாக மோதவிட்ட ஒரு போட்டித் தொகுப்பில் இடம்பெற்றது. தவளைப் போட்டி! எங்கள் திண்ணை அதைவிடக் கௌரவமானது.

தமிழுக்கும் இது நேற்று வந்த சரக்கல்ல. ஜப்பானியக் கவிதை பற்றி பாரதி 1916லேயே சுதேசமித்திரனில் எழுதிவிட்டார்.

அப்போ எதையும் மூணு வரியா உடைச்சா ஹைக்கூவா?

இல்லை. ‘நேற்று நான் சந்தைக்குப் / போய் ஒரு கிலோ / தக்காளி வாங்கினேன்’ என்பது மூன்று துண்டாக வெட்டிய ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஹைக்கூவில் இரண்டு காட்சிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு வெட்டு வேண்டும். ஜப்பானியர்கள் அதற்கென்று தனி அசைச்சொற்கள் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒரு கோடோ, மூச்சு விடும் இடைவெளியோ போதும். அதே தக்காளியை டீச்சரக்கா மாற்றிக் கொடுத்தார்:

தக்காளி ஒரு கிலோ —
பையின் அடியில்
போன வாரச் சீட்டு

5-7-5 கட்டாயமா? எழுத்தை எண்ணியே உயிர் போகுது.

கட்டாயமில்லை. 5, 7, 5 என்று மூன்று பகுதியாக எண்ணுவது ஜப்பானிய வழக்கம். ஆனால் அவர்கள் எண்ணுவது நம் எழுத்தும் அல்ல, அசையும் அல்ல. அவர்கள் கணக்கில் நெடில் இரண்டு, சொல்லில் வரும் தனி ‘ன்’ ஒன்று. தோக்கியோ என்ற ஊர்ப்பெயர் அவர்களுக்குத் தோ-ஓ-க்யோ-ஓ என்று நான்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்ற நம் மாத்திரைக் கணக்குதான் அதற்குக் கிட்டத்தில் வரும். மாத்திரை எண்ணிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் டீ ஆறிவிடும்.

ஆனாலும் எப்போதாவது ஒரு சுற்று, புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றதை எண்ணி 5-7-5 ஆடுவோம். மொத்தம் 17 வரும். வேடிக்கை என்னவென்றால் கட்டளைக் கலித்துறை என்ற நம் பழைய பாவகையிலும் இதே மாதிரிதான் எண்ணுகிறார்கள்: புள்ளி வைத்த எழுத்தை நீக்கி, நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கினால் 17. அபிராமி அந்தாதி முழுக்க அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. நான் எண்ணி எழுதிய ஒன்று:

பனங்காட்டுக்குள்
காற்று எதையோ தேடும் —
வெறும் கலயம்

எண்ணிக்கை சரி. ஆனால் ‘எதையோ’ என்ற சொல் மூன்று எழுத்துக் குறைந்ததற்காக ஒட்டுப் போட்டது. டீச்சரக்கா அதை உடனே பிடித்துவிட்டார். எண்ணிக்கையை இறுகப் பிடித்தால் இப்படித்தான் சொல்லில் தவிடு சேரும்.

எதுகை, இயைபு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அதற்கு வேறு பெயர். முதல் வரியும் மூன்றாம் வரியும் இயைபில் முடிந்து சிரிப்பு மூட்டினால் லிமரைக்கூ. ஈரோடு தமிழன்பன் கொண்டுவந்த வடிவம் அது. எங்கள் லாரி அண்ணனுக்கு இது மட்டும்தான் வரும்.

எத்தனை பேர், என்னென்ன சாமான் வேணும்?

நான்கிலிருந்து எட்டுப் பேர். எட்டைத் தாண்டினால் முறை சுற்றி வருவதற்குள் பாதிப்பேர் போனை எடுத்துவிடுகிறார்கள். துண்டுத் தாள், பேனா, ஒரு தகர டப்பா. டப்பா எதற்கு என்பது சிலேடைக் கேள்வியில் வரும்.

அந்தாதி ஆடறோம், மூணாவது ஆள்கிட்டயே மாட்டிக்குது. எங்கே தப்பு?

கடைசி எழுத்தில் தொடங்கச் சொல்லியிருப்பீர்கள். தமிழ்ச் சொல் ம், ன், ல், ள், ர், ழ் என்று முடிவது அதிகம். இவற்றில் மகரத்தை விட்டால் மற்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை. ‘வயல்’ என்று முடித்தால் அடுத்தவர் லட்டு, லாரி என்று வடமொழிக்கும் ஆங்கிலத்துக்கும்தான் ஓட வேண்டும். அதனால் அந்தாதி என்றால் கடைசிச் சொல்லை முழுசாக எடுத்துத் தொடங்குங்கள்.

இதைவிட நல்ல வழி எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் அட்சரசுலோகப் போட்டியில் ஒருவர் நாலடிச் சுலோகம் சொன்னால், அதன் மூன்றாம் அடியின் முதல் எழுத்தில் தொடங்கும் சுலோகத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். அடிக்கு எட்டெழுத்து வரும் அனுஷ்டுப்பு சந்தத்துக்கு மட்டும் அனுமதி கிடையாது. ஹைக்கூவுக்கு மூன்றாம் வரி ஒன்று இருக்கிறதே! அதன் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டால், அது ஏற்கனவே ஒரு சொல்லின் முதலெழுத்து என்பதால் முட்டுச்சந்து வராது. நாங்கள் கண்டுபிடித்ததிலேயே உருப்படியான விதி இதுதான். மாட்டிவிட நினைப்பவர்கள் மட்டும் மூன்றாம் வரியை ‘ஞ’ வரிசையில் வைப்பார்கள். ஒருமுறை பொள்ளாச்சித் தம்பி ‘ஞாபகம்’ என்று வைத்துவிட்டு மீசையைத் தடவினான். சேச்சி யோசிக்காமல் ‘ஞண்டு’ என்று தொடங்கினார். மலையாளத்தில் நண்டு. ஆட்சேபம் எழுந்தது. பழந்தமிழில் ‘ஞெண்டு’ இருக்கிறது என்று டீச்சரக்கா தீர்ப்புச் சொன்னார்.

சங்கிலின்னு ஒண்ணு விளையாடறீங்களாமே, அதுல என்ன விதி?

அதுதான் மேலே சொன்ன ரெங்கா. ஒருவர் மூன்று வரி, அடுத்தவர் இரண்டு வரி, பிறகு மூன்று என்று மாறி மாறிப் போகும். பழைய காலத்தில் நூறு பாட்டு வரை போனது. பாஷோவின் கூட்டத்தார் 36 பாட்டில் முடிக்கும் கசென் என்ற அளவை அதிகம் ஆடினார்கள். அதில் மூன்று இடம் நிலவுக்கு, இரண்டு இடம் பூவுக்கு. நாங்கள் 12இல் நிறுத்திவிடுகிறோம். ஒரு நிலா, ஒரு பூ.

விதி ஒன்றுதான், அதுதான் கஷ்டமும்: உங்கள் பாட்டு முந்தைய பாட்டோடு ஒட்ட வேண்டும், அதற்கும் முந்தையதோடு ஒட்டக்கூடாது. அதாவது கதை சொல்லக்கூடாது. ஒரு மார்கழி மாதம் போன சங்கிலியின் தொடக்கம்:

கிழக்குக் காற்று —
மில் கதவை யாரோ
தட்டிக்கொண்டே

திறந்தால்
பால் கணக்குப் பையன்

மூன்றாவது ஆளாக நான் இருந்தேன். ‘அவன் பின்னாலேயே காற்றும் உள்ளே வந்தது’ என்று எழுதினேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எல்லோரும் சேர்ந்து அந்த வரியை அடித்துவிட்டார்கள். காற்று முதல் பாட்டுடையது, அங்கே திரும்பிப் போகக்கூடாது. என் மகள் ‘கணக்கு’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள்:

கணக்குப் பரீட்சைத் தாள்
ஓரத்தில் ஒரு யானை
அதற்கு மார்க் இல்லை

அடுத்தவர் யானையைப் பிடிப்பார். இப்படி ஒவ்வொருவரும் முன்னவர் சொன்னதில் ஒரு நூலை மட்டும் உருவிக்கொண்டு போக வேண்டும். தன் முறை வருவதற்குள் தன் வரியை மனசுக்குள் தயார் செய்து வைப்பவர்கள் இந்த ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். என் அனுபவம்.

ஹைக்கூவுல பருவச்சொல் வேணுமாமே. நமக்கு ஏது பனிப்பொழிவு, செர்ரிப் பூ?

நமக்கு ஏன் செர்ரி? மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து ஈரக்காற்று அதன் வழியாகத்தான் பொள்ளாச்சிப் பக்கம் போகிறது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதே வழியாகத் திரும்புகிறது. ‘கிழக்குக் காற்று’ என்று எழுதினால் எங்கள் ஊரில் மாதம் சொல்லத் தேவையில்லை, உதடு வெடித்திருப்பதே சொல்லும்.

பருவச்சொல்லுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எங்களுக்கு இரட்டைக் காலண்டர் ஆனதால் சொல்லும் இரட்டை: ஆடிக்குக் கர்க்கடகம், ஐப்பசி மழைக்குத் துலாவர்ஷம், மழைக்காலத் தொடக்கத்துக்கு இடவப்பாதி. சித்திரைக்குக் கொன்றைப் பூவும் நுங்கும். தைக்குப் பனங்கிழங்கு. கல்பாத்தித் தேர் என்றால் ஐப்பசி. உங்கள் ஊர் நோட்டை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கடன் வாங்கிய பருவச்சொல் வாடகைச் சட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கும்.

மலையாளம் கலந்தா ஒத்துக்குவீங்களா?

எல்லை ஊரில் விளையாடுவதன் லாபமே அதுதான். ஒரே சொல் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. ‘பனி’ தமிழில் பனி, மலையாளத்தில் காய்ச்சல். சேச்சி சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொடுத்தது:

மார்கழி விடியல்
புல்லுக்கெல்லாம் பனி
மருந்துக்கடை திறக்கவில்லை

‘வெள்ளம்’ அவர்களுக்குக் குடிதண்ணீர், நமக்கு ஊரை அடித்துக்கொண்டு போவது. பால் சொசைட்டித் தம்பி எழுதினான்:

ஒரு தம்ளர் வெள்ளம்
கேட்ட விருந்தாளிக்கு
ஆற்றைக் காட்டினான் பையன்

சங்கிலிக் கேள்வியில் சொன்ன யானைச் சங்கிலியும் இப்படித்தான் திரும்பியது. அடுத்தவர் யானையைப் பிடித்து ‘நெம்மாறை வேலைக்குப் / போனவர் திரும்பவில்லை’ என்றார். நெம்மாறை–வல்லங்கி வேலை என்பது மீன மாதத்தில் யானையும் வாணவேடிக்கையுமாக நடக்கும் திருவிழா. அதற்கு அடுத்தவர் அதைத் தமிழ் வேலையாக எடுத்துக்கொண்டு சம்பளப் பாக்கியில் கொண்டுபோய் நிறுத்தினார். விதி என்னவென்றால், கேட்பவர்களில் பாதிப்பேருக்காவது இரண்டு அர்த்தமும் தெரிந்திருக்க வேண்டும். விளக்கவுரை தேவைப்பட்டால் அந்தப் பாட்டு செல்லாது.

சிலேடைக்கும் கடிக்கும் என்ன வித்தியாசம்?

சிலேடையில் இரண்டு அர்த்தமும் தனித்தனியாக நிற்கும். கடியில் ஒன்று நொண்டும். காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா பாடினார் என்றால், எந்தப் பக்கம் படித்தாலும் வெண்பா முழுசாக இருக்கிறது. அதுதான் அளவுகோல். மேலே உள்ள பனிப் பாட்டில் பனித்துளி என்று படித்தாலும் காய்ச்சல் என்று படித்தாலும் புல் ஈரமாகத்தான் இருக்கிறது, மருந்துக்கடை மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் நொண்டும். முக்கால் சிலேடை என்று வைத்துக்கொள்வோம்.

சொல்லைப் பிரிக்காமல் இரண்டு அர்த்தம் வந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்தால் வந்தால் பிரிமொழிச் சிலேடை. பிரிமொழிச் சிலேடையை எழுதிக் காட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள். ‘அந்தமான் / காட்டுக்குள் ஓடியது / கப்பல் இன்னும் வரவில்லை’ என்று என் மகள் சொன்னபோது திண்ணை சிரித்தது. தாளில் எழுதினால் சேர்த்தா, பிரித்தா என்ற கேள்வியிலேயே செத்துப்போகிறது. அப்புறம் அந்தத் தகர டப்பா: கடி என்று பெரும்பான்மை முடிவு செய்தால் ஐந்து ரூபாய் போட வேண்டும். டீச்செலவு பெரும்பாலும் லாரி அண்ணனுடையது.

நாங்க சித்தூர். எங்க பக்கம் அவதானம் உண்டு. அதை இதுல சேர்க்க முடியுமா?

இவர் ஆந்திரச் சித்தூர்க்காரர். எங்கள் தாலுகாவும் சித்தூர்தான் என்பதால் நாலு நாள் ஒருவருக்கொருவர் தப்பாக வழி சொல்லிக்கொண்டிருந்தோம். தெலுங்கு அஷ்டாவதானத்தில் ஒரு கவிஞரைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு சிக்கல் கொடுப்பார்கள். அதில் மூன்றை நாங்கள் சுட்டுவிட்டோம். தத்தபதியில் நான்கு சொல் கொடுத்துப் பாடச் சொல்வார்கள். எங்களுக்கு வரிக்கொன்றாக மூன்று. ‘பஞ்சர், பாயசம், பரீட்சை’ கொடுத்தபோது வந்தது: ‘பரீட்சை நாள் / பஞ்சரான சைக்கிள் / வீட்டில் ஆறுகிறது பாயசம்’.

நிஷித்தாட்சரியில், பாடப் பாட அடுத்து எந்த எழுத்து வரக்கூடாது என்று தடுத்துக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் சுலபமாக்கி, ஒரு சுற்று முழுக்க ஒரு வரிசைக்குத் தடை என்று வைத்தோம். ‘க’ வரிசையைத் தடுத்துப் பாருங்கள். பன்மைக்குக் ‘கள்’ இல்லை, ‘வீட்டுக்கு’ என்று சொல்லக் ‘கு’ இல்லை, நிகழ்காலத்துக்குக் ‘கிற’ இல்லை. தமிழின் பாதி எலும்பு போய்விடும். டீச்சரக்கா தப்பித்தார்: ‘மழை நின்றது / இலை மேல் எறும்பு / நீந்துவதை நிறுத்தவில்லை’. மூன்றாவது அப்ரஸ்துதப் பிரசங்கம், யோசிப்பவரிடம் சம்பந்தமில்லாமல் பேச்சுக் கொடுத்துக் கலைப்பது. அதற்குத் தனியாக ஆள் நியமிக்கத் தேவைப்படவில்லை, லாரி அண்ணன் இருக்கிறார்.

தமிழிலும் இது இருந்தது. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பி பாவலர் (1874–1950) 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது எட்டுக்குப் பதில் நூறு சிக்கல், செய்தார். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அவரும் எல்லைக்காரர்தான் என்று நாங்கள் சொந்தம் கொண்டாடுவோம்.

சின்னப் பிள்ளைங்களுக்கு ஏதாவது?

உதடு ஒட்டாப் பாட்டு. பழைய பெயர் நிரோட்டகம். உதடு சேரும் ப, ம, வ கூடாது, உதடு குவியும் உ, ஊ, ஒ, ஓ, ஔ கூடாது. உதடுகளுக்கு நடுவே செங்குத்தாக ஓர் ஈர்க்குச்சியை நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள், விழுந்தால் அவுட். பத்து வயதுப் பையன் ஒருவன் பெரியவர்கள் எல்லோரையும் இதில் ஜெயித்தான்:

கிளை நிறையக் கிளிகள்
தரையில் சிதறிய கனி
எங்கே என் அணில்

யார் ஜெயிச்சாங்கன்னு எப்படி முடிவு செய்யறது?

ஜப்பானில் குக்காய் என்ற கூட்டத்தில் செய்வதையே செய்கிறோம். எல்லோரும் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்து, தாள்களைக் கலைத்து, வேறொருவர் நகலெடுப்பார். கையெழுத்து காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. ஆளுக்கு இரண்டைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொன்ன பிறகுதான் எழுதியவர் கை தூக்குவார். தன்னுடையதைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. நகலெடுக்கும் வேலையைச் சோம்பலில் ஒருமுறை விட்டுவிட்டோம். அன்றைக்கு டீச்சரக்காவின் அச்சடித்த மாதிரியான எழுத்துக்கே எல்லா ஓட்டும் விழுந்தது.

ஒருத்தர் வீட்டுலயே எழுதிட்டு வர்றார். போன்ல கேட்டு எழுதறார்னும் சந்தேகம். என்ன பண்ண?

சண்டை போட வேண்டாம். சங்கிலி ஆடுங்கள். முன்னவர் என்ன சொல்வார் என்று வீட்டில் தெரியாது. போனுக்கும், அன்றைக்கு மில் திண்ணையில் பல்லி விழுந்த விஷயம் தெரியாது.

வாட்ஸ்அப்புல ஆடலாமா?

ஆடலாம், சுமார்தான். இரண்டு பேர் ஒரே பாட்டுக்கு ஒரே நேரத்தில் பதில் போட்டுவிடுவார்கள். முறைப்பட்டியலை முதலிலேயே போட்டுவிடுங்கள், அவரவர் முறைக்கு ஒரு நாள் கெடு.

எங்க குழுவுல ஒருத்தர் கோவிச்சுட்டுப் போயிட்டார். விளையாட்டுக்குத்தானே சொன்னோம்?

‘விளையாட்டுக்குத்தானே’ என்பதைச் சொன்னவர் முடிவு செய்ய முடியாது. இதில் நானே குற்றவாளி. ஒரு நண்பருடைய கடனை வைத்து ஒரு சிலேடை போட்டேன். அச்சு அசலான சிலேடை, இரண்டு அர்த்தமும் நின்றது. அவர் சிரித்தார், டீயைக் குடித்தார், அடுத்த மூன்று மாதம் வரவில்லை. கடைசியில் நான்தான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: திண்ணையில் இருக்கிற ஆளைப் பற்றி எழுதலாம், அந்த ஆள் நீங்களாக இருந்தால் மட்டும். சாதி, ஊனம், வீட்டுப் பெண்கள் பற்றிய கிண்டலுக்கு டப்பா அபராதம் கிடையாது, அந்தச் சுற்றையே நிறுத்திவிடுவோம்.

சங்கிலியை அச்சுல போட்டா யார் பேர் போடறது?

எல்லோர் பெயரும், அவரவர் பாட்டுக்குக் கீழே. எங்களுடைய ஒரு சங்கிலியை ஒரு விழா மலருக்குக் கொடுத்தோம். அனுப்பிவைத்தவர் பெயரை மட்டும் மேலே போட்டு, நடுவில் நாலு பாட்டை இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். யானை போய்விட்டது, நெம்மாறை வேலை மட்டும் காரணமில்லாமல் நின்றது. இப்போது ஒவ்வொரு சங்கிலியையும் நோட்டில் எழுதி, எழுதிய ஒவ்வொருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறோம். சேச்சி மலையாளத்தில் போடுவார். நோட்டு டீச்சரக்கா வீட்டில், அரிசி டின்னுக்கு மேல் இருக்கிறது.